சின்ன விமானத்தில் மட்டக்களப்புக்கு: திமிலதீவில் இறங்கித் திரும்பும் வழி

மட்டக்களப்பில் இறங்குவது பெரிய வித்தை இல்லை. ஓடுபாதை சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் நீளம், 46 மீற்றர் அகலம். செஸ்னா 172 மாதிரியான நாலு இருக்கை விமானத்துக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. சுற்றிலும் வாவி, சமதரை, முட்டிக்கொள்ள மலை கிடையாது. போய் இறங்கி, நண்டுக் கறியோடு சாப்பிட்டுவிட்டு, இரண்டரை மணிக்குக் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்குக் கிளம்பலாம் என்று நினைக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இந்தப் பயணத்தில் தப்பு நடப்பதெல்லாம் திரும்பும்போதுதான். அதனால் திட்டத்தையும் கடைசியிலிருந்து முன்னால் போடுங்கள்.

தனியார் விமானி உரிமம் கையில் இருக்கிறது, இரத்மலானையிலிருந்து வாடகைக்கோ கிளப் மூலமோ ஒரு விமானம் கிடைக்கிறது, ஆனால் கிழக்குப் பக்கம் இன்னும் போனதில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பிறந்த ஊர் மட்டக்களப்பு. முதல் தடவை அங்கே தனியாக இறங்கிய நாளில் என் கை நடுங்கியதற்குக் காற்று காரணமில்லை. வேலிக்கு வெளியே குடும்பமே திரண்டு நின்றது.

1. முதலில் மாதம், பிறகு மணி

மேற்கும் கிழக்கும் ஒரே நாளில் ஒரே வானிலையைத் தருவது அபூர்வம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இரத்மலானையில் மழை, மட்டக்களப்பில் கொளுத்தும் வெயில். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடைக் காற்று. மட்டக்களப்பில் மழை, இரத்மலானையில் வெளிச்சம். 1978 நவம்பர் 23 சூறாவளியை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. நவம்பர், டிசம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று ஒரு சொல் காதில் விழுந்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

என் கணக்கில் பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் கடைசி வரைதான் இரு பக்கமும் ஓரளவு சமாதானமாக இருக்கும் காலம். ஏப்ரல் காலைகள் அழகு, பின்னேரங்கள் இடிமுழக்கம். மலைநாட்டின் மேல் பத்து மணிக்குப் பஞ்சுத் துண்டாகத் தெரியும் மேகம் ஒரு மணிக்குள் கோபுரமாக எழுந்துவிடும்.

இதிலிருந்து மணி தானாக வந்துவிடுகிறது. மலை வழியாகத் திரும்புவதென்றால் முற்பகல் பத்தரைக்குள் மட்டக்களப்பை விட வேண்டும். அதற்குக் காலை ஆறரைக்கு இரத்மலானையில் சக்கரம் எழும்ப வேண்டும். முடியாதா? சரி, சமதரை வழியாகத் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவெடுங்கள். அங்கே சாப்பிட்டு முடித்த கையோடு எடுக்கும் முடிவு பெரும்பாலும் வயிறு எடுத்த முடிவாகத்தான் இருக்கும்.

2. சொல்லாமல் போகாதீர்கள்

மட்டக்களப்பின் விமான நிலையமான திமிலதீவுத் தளத்தை 1983இல் விமானப்படை பொறுப்பேற்றது. 2016இல் உள்ளூர்ப் பயணிகள் சேவைக்குத் திறந்துவிட்டார்கள். ஓடுபாதையைப் புதுப்பித்து 2018 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். விமானப்படை முகாம் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே இது ஐரோப்பியப் புல்வெளித் தளம் போல நினைத்த நேரத்தில் எட்டிப் பார்க்கிற இடமல்ல.

இலங்கையின் ஏஐபி எனும் வான்பயணத் தகவல் நூலில் விசிசிபி என்ற குறியீட்டின் கீழ் இந்தத் தளத்தின் பக்கம் இருக்கும். அலைவரிசை, இயக்க நேரம், சர்க்கிட் (இறங்குவதற்காகத் தளத்தைச் சுற்றும் வட்டம்) திசை, கட்டணம், முன் அனுமதி எல்லாவற்றையும் அன்றைய பதிப்பிலேயே பாருங்கள். நண்பனின் பழைய குறிப்பேட்டிலிருந்து அலைவரிசையைப் பிரதி எடுக்காதீர்கள். அதோடு நோட்டாம், அதாவது விமானிகளுக்கு அவ்வப்போது வரும் அறிவிப்பு. ஓடுபாதையில் வேலை நடக்கிறதா, வான்வெளியில் ஏதாவது பகுதி மூடப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் வரும்.

எல்லாம் எழுத்தில் சரியாக இருந்தாலும் முதல் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். நாலு கேள்வி போதும். நான் வரும் நேரத்தில் டவரில் ஆள் இருப்பார்களா? விமானத்தை எங்கே நிறுத்துவது? வாயிலில் எந்த ஆவணம் கேட்பார்கள்? பிந்திவிட்டால் யாருக்குச் சொல்வது? பேசியவரின் பெயரை எழுதி வையுங்கள். மறுநாள் வாயிலில் நிற்கும்போது அந்தப் பெயர்தான் உங்கள் அனுமதிச் சீட்டு மாதிரி.

பறப்புத் திட்டத்தைப் புறப்படுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பாகக் கொடுத்துவிடுங்கள். நேரமெல்லாம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில். நம் ஆறரை அங்கே 0100. ஐந்தரை மணி நேரத்தைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கொடுத்த நேரத்திலிருந்து அரை மணிக்கு மேல் பிந்தினால் திருத்தம் அனுப்ப வேண்டும். திரும்பும் பயணத்தின் திட்டத்தையும் அப்போதே எழுதிக்கொண்டு போவது நல்லது.

உறவினரை ஏற்றிக்கொண்டு போகிறீர்களானால், டிக்கெட் காசு மாதிரி எதையும் வாங்காதீர்கள். தனியார் உரிமத்தில் கூலிக்குப் பறக்க முடியாது. சித்தப்பா அன்போடு சட்டைப்பையில் திணித்தாலும் அதே சட்டம்தான்.

3. மலையா, தண்டவாளமா

இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோட்டில் சுமார் 119 கடல் மைல், அதாவது 220 கிலோமீற்றர். திசை ஏறக்குறைய 063 பாகை. வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கண்டிக்குச் சற்றுத் தெற்கே போகிறது, விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டிக் கடக்கிறது, மகியங்கனையையும் மகா ஓயாவையும் உரசிக்கொண்டு உன்னிச்சைக் குளத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கப்புறம் வாவி. யாரோ நமக்காகவே அடையாளங்களை வரிசையாக நட்டு வைத்தது போல.

ஆனால் அந்தக் கோட்டின் தெற்கே சுமார் 15 கடல் மைலில் 8,281 அடி உயரப் பிதுருதலாகல நிற்கிறது. வடக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர், 6,000 அடிக்கு மேல். கிழக்கே போகும்போது ஒற்றைப்படை ஆயிரமும் ஐந்நூறும் என்ற விதிப்படி 7,500 அடி பொருந்தும். திரும்பும்போது 6,500 அல்லது 8,500. மேகத்துக்கு ஆயிரம் அடி கீழே பறக்க வேண்டும் என்பதால், அதன் அடித்தளம் 8,500க்குக் கீழே இருந்தால் இந்த வழி உங்களுக்கில்லை. மேகத்துக்குக் கீழே பள்ளத்தாக்கில் நுழைந்து பார்க்கலாம் என்ற யோசனை வந்தால், அது வந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். பள்ளத்தாக்கு ஒடுங்கிக்கொண்டே போகும். உள்ளே போன விமானத்துக்குத் திரும்ப இடம் இருக்காது.

இரண்டாவது வழியைத்தான் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வேன். இரத்மலானை, குருநாகல், பொலன்னறுவை, மட்டக்களப்பு. மொத்தம் சுமார் 139 கடல் மைல். இருபது மைல்தான் கூடுதல், செஸ்னாவில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாக மலைகள் முழுக்க வலது பக்கம் ஒதுங்கிவிடும். பொலன்னறுவைக்குப் பிறகு தொலைந்து போகவே முடியாது. மன்னம்பிட்டியில் மகாவலிப் பாலம், அதிலிருந்து ரயில் பாதை வெலிகந்தை, புனானை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று கையைப் பிடித்து அழைத்துப் போகும். வலப்பக்கம் குடும்பிமலை தன் பெயருக்கேற்ற கொண்டையோடு நிற்கும். ஐந்நூறு மீற்றருக்கு மேல் உயரம், அதற்கு மரியாதையான தூரம் விடுங்கள். ஜிபிஎஸ் இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். பேட்டரி தீர்ந்தாலும் தண்டவாளம் இருக்குமே.

ஒரு ஏப்ரலில் மலை வழியாகப் போய், மதியம் ஒன்றே காலுக்குத்தான் அங்கிருந்து கிளம்பினேன். மகா ஓயாவைத் தாண்டுவதற்குள் முன்னால் சுவர். கறுப்புக் கூட இல்லை, கருநீலம். இடைவெளி ஒன்று தெரிந்தது, மனசு அதற்குள் போகச் சொன்னது. வடக்கே திரும்பிப் பொலன்னறுவைப் பக்கம் பிடித்து, குருநாகல் வழியாக வந்து சேர்ந்தேன். அரை மணிக்கு மேல் பிந்தியது. அதற்கு எரிபொருள் இருந்தது என்பதால்தான் அந்த முடிவைச் சுலபமாக எடுக்க முடிந்தது.

4. கட்டுச்சோறு

பழைய காலத்தில் கதிர்காமத்துக்கு நடந்து போனவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் கிளம்பினார்கள். எரிபொருளையும் அப்படித்தான் கொண்டுபோக வேண்டும். சின்ன விமானத்துக்கான அவ்காஸ் போகிற இடத்தில் கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். போக, வர, இறங்க முடியாவிட்டால் வேறு தளத்துக்கு ஒதுங்க, அதற்கு மேல் கையிருப்பு, நாலும் இரத்மலானையிலேயே டாங்கியில் இருக்கட்டும்.

172க்கு என் கணக்கு இது. மணிக்கு 34 லீற்றர் என்று வையுங்கள். போக ஒன்றேகால் மணி, சமதரை வழியாக வர ஒன்றரை மணி. ஏறத்தாழ 94 லீற்றர். ஒதுங்குதளம் ஒன்றுக்குப் போக இன்னும் 20. பகல் நேரப் பார்வைப் பறப்புக்குச் சட்டம் கேட்கும் கையிருப்பு 30 நிமிடம். நான் ஒரு மணி வைப்பேன், 34 லீற்றர். தரையில் ஓட, சூடாக்க ஒரு பத்து. ஆக 160க்குப் பக்கம். 172எஸ் வகையில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் சுமார் 200 லீற்றர், ஆகவே இடம் இருக்கிறது. ஆனால் டாங்கியை நிரப்பினால் நாலு பெரியவர்களுக்கு எடை இருக்காது. மூன்று பேரும் ஒரு பையும் என்பதுதான் நடைமுறை. நாலாவது ஆளுக்கு ரயிலில் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்; உதய தேவி நல்ல ரயில்தான்.

ஒதுங்குதளங்களைப் பற்றி ஒரு சொல். அம்பாறைக்குப் பக்கத்து உகணை தெற்கே 22 மைல்தான், ஆனால் அது விமானப்படைத் தளம். அவசரம் என்றால் மட்டும். ஹிங்குராக்கொட 46 மைல், சீகிரியாவும் சீனக்குடாவும் 58 மைல் அளவில். இவற்றையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். உண்மையான அவசரம் வந்தால் யாரிடமும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், இறங்கிவிட்டு விளக்கம் சொல்லலாம்.

5. இரண்டு காற்றுக்கு இரண்டு முனை

இந்த ஓடுபாதை 06, 24 என்ற திசையில் கிடக்கிறது. வடகிழக்கும் தென்மேற்கும். போட்டவர்களுக்கு நம் ஊர்க் காற்று தெரிந்திருக்கிறது. வாடை வீசும் மாதங்களில் 06, கச்சான் வீசும் மாதங்களில் 24. கச்சான் என்றால் கடலையல்ல, தென்மேற்கிலிருந்து மலையைத் தாண்டிக் காய்ந்து வரும் அந்த அனல்காற்று. வயலில் புழுதி கிளப்பி, உதட்டை வெடிக்கவைக்கும். விமானிக்கு அது முட்டி மோதும் காற்று. ஃபைனலில், அதாவது ஓடுபாதையை நோக்கி இறங்கும் கடைசி நேர்கோட்டில், வேகமானி ஊசி நிலையாக நிற்காது. நான் அந்த நாட்களில் ஐந்து நொட் கூட்டி, இறக்கையின் பின்மடலான பிளாப்பை முழுக்கப் போடாமல் வருவேன்.

பெரும்பாலான நாட்களில் மதியத்துக்குப் பின் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். காலையில் மேற்கிலிருந்து வந்த காற்று நீங்கள் சாப்பிட்டு வருவதற்குள் திசை மாறியிருக்கலாம். இறங்கிய முனையிலேயே எழும்பலாம் என்று எண்ணாமல், காற்றுப்பையை மறுபடி பாருங்கள்.

வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். தளம் கடல் மட்டத்திலிருந்து 20 அடிதான். ஆனால் 34 பாகை வெயிலில் காற்று இளகி, இன்ஜினுக்கும் இறக்கைக்கும் அது 2,300 அடி உயரத் தளம் போலத் தெரியும். ஓடுபாதை நீளம் போதும், அதில் கவலையில்லை. எழும்பிய பிறகு விமானம் சோம்பலாக ஏறும், அதுதான் விஷயம். மூக்கைத் தூக்கி அதை அவசரப்படுத்தாதீர்கள்.

6. வாவிக்கு மேலே

தூரத்திலிருந்து மட்டக்களப்பைக் கண்டுபிடிக்கக் கண்ணை விரித்தால் போதும். 56 கிலோமீற்றர் நீள வாவி, அதன் முகத்துவாரம், பாலமீன்மடு வெளிச்சவீடு, கல்லடியில் பழைய இரும்புப் பாலமும் புதிய பாலமும் பக்கம் பக்கமாக. தளம் நகருக்குத் தென்மேற்கே, தண்ணீருக்கு நடுவே. முதல் தொடர்பைச் சுமார் 25 மைலில் எடுங்கள். யார், எங்கே, எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு, என்ன வேண்டும் என்ற வரிசையில் ஒரே மூச்சில் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால் பதற்றப்படாமல் மெதுவாகச் சொல்லுங்கள். குரலில் அவசரம் தெரிந்தால் எதிர்முனையும் அவசரப்படும்.

டவர் சர்க்கிட்டில் சேரச் சொன்னால் டவுன்விண்டில், அதாவது ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் பகுதியில், 1,000 அடி என்பது பொதுவழக்கம், வேறு உயரம் சொன்னால் அதுதான். நேராக வரும் விமானத்துக்கு 06 கிட்டத்தட்ட எதிரிலேயே விரிந்து கிடக்கும், அதனால் நேரடி ஃபைனலுக்கு ஆசை வரும். முதல் தடவை கேட்காதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றினால் காற்றுப்பை, பறவைகள், ஓடுபாதையில் நாய், மாடு எல்லாம் கண்ணில் படும்.

தண்ணீருக்கு மேலே ஃபைனல் வருவது கண்ணை ஏமாற்றும். அலையில்லாத வாவி கண்ணாடி மாதிரி இருக்கும்போது நீங்கள் உண்மையைவிட உயரத்தில் இருப்பதாகத் தோன்றும், கை தன்னாலே திரொட்டிலைக் குறைக்கும். கண்ணை நம்பாமல், 500 அடியில் உயரமானியை ஒரு தடவை பாருங்கள். காலையில் 06க்கு வந்தால் சூரியன் முகத்தில் அடிக்கும், பின்னேரம் 24க்கு வந்தாலும் அதேதான். தொப்பியும் துடைத்த கண்ணாடியும் முக்கியம்.

கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா, பருந்து எல்லாமே இங்கே நிரந்தரவாசிகள். வயல் உழும் நாட்களில் கொக்குக் கூட்டம் வெள்ளைத் துணி விரித்தது போல எழும்பும். ஃபைனலில் கூட்டம் தெரிந்தால் இடையில் புகுந்து வரப் பார்க்காதீர்கள், கோ-அரவுண்ட் செய்யுங்கள், அதாவது இறங்காமல் மேலே ஏறி மறுபடி சுற்றி வாருங்கள். பறவை பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் விலகும், நாம் மேலே போவதே நல்லது.

ரேடியோ செத்துவிட்டால் ரேடாருக்கு நம்மைக் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரில், ரேடியோ இல்லை என்பதற்கான குறி 7600 போட்டு, டவரின் விளக்கைப் பாருங்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருங்கள். மின்னும் சிவப்பு என்றால் தளம் பாதுகாப்பில்லை, இறங்க வேண்டாம்.

எல்லோரும் உயிர்க்காப்பு அங்கியைப் போட்டிருக்க வேண்டும்; இருக்கைக்குப் பின்னால் மடித்து வைத்திருப்பது கணக்கில்லை. 06இல் எழும்பினால் வாவியும் அதற்கப்பால் நகரமும்தான் முன்னால். இன்ஜின் நின்றால் நகரத்தைத் தாண்டப் பார்க்காமல் வாவியில்தான் இறங்க வேண்டியிருக்கும். வாவி ஆழமில்லை, ஆனால் தோணிகளும் வலைக் கம்புகளும் உண்டு. தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே கதவைத் திறந்து விட வேண்டும் என்பதை ஓடுபாதையில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

7. தரையில் இரண்டு மணி நேரம்

சக்கரக் கட்டைகளும் கட்டும் கயிறும் நீங்களே கொண்டு போங்கள். கச்சான் நாளில் கட்டாமல் விட்ட சின்ன விமானம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அடுத்தது, வேகமானிக்குக் காற்றைக் கொடுக்கும் பிட்டோ குழாய்க்கு உறை. நம் ஊர்க் குளவிக்கு இந்தக் குழாய் மாதிரி ஒரு வீடு கிடைக்காது. ஒரு நாள் உறை போட மறந்து, திரும்பி வந்து ஓடத் தொடங்கியபோது வேகமானி பூச்சியத்தில் நின்றது. அதிர்ஷ்டம், ஓடுபாதை மிச்சம் இருந்தது. நிறுத்தினேன். குழாய் வாயில் ஈர மண்.

விமானப்படைப் பக்கம் கமெராவைத் திருப்பாதீர்கள். உங்கள் விமானத்தோடு ஒரு படம் வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். உரிமம், மருத்துவச் சான்று, தேசிய அடையாள அட்டை மூன்றும் ஒரே உறையில் இருந்தால் வாயிலில் பை கிளற வேண்டியதில்லை. ஓட்டோவில் நகருக்குக் கொஞ்ச நேரம்தான். எனக்குக் கிடைத்த ஓட்டோக்காரப் பெரியவர், "என்ன மனே, பிளேன்லயா வந்த? அப்ப ஏன் என்ட ஓட்டோவுக்கு விலை பேசுற?" என்று கேட்டார். பதில் இல்லை, கேட்டதைக் கொடுத்தேன்.

எருமைத் தயிர் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. வாங்குங்கள், ஆனால் சட்டியோடு நிறுத்துப் பாருங்கள். 172இன் பின்பக்கச் சாமான் இடத்துக்கு 54 கிலோ எல்லை, அதோடு பின்பாரம் கூடினால் ஈர்ப்பு மையம் நகரும். எடைக் கணக்கை மறுபடி போட்டுவிட்டு, சட்டிகளை வலையால் இறுக்கிக் கட்டுங்கள். குலுக்கலில் உருளும் மண்சட்டி தயிரோடு நிற்காது, தலையையும் பார்க்கும்.

8. கிளம்பும்போது

டாங்கியின் அடியிலிருந்து எரிபொருள் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். ஈரக் காற்றில் இரண்டு மணி நேரம் நின்றாலும் மழை பெய்திருந்தாலும் தண்ணீர் இறங்கியிருக்கலாம். வானிலையை மறுபடி கேளுங்கள். மட்டக்களப்பின் வானிலையை நிமிர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். கேட்க வேண்டியது இரத்மலானையின் வானிலை. ஜூன் மாதம் இங்கே நெற்றி வியர்க்க நிற்கும்போது அங்கே மழைத்திரை ஓடுபாதையை மறைத்திருக்கும். இருள்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரத்மலானையில் இறங்க முடியாது என்று கணக்கு சொன்னால், அன்றிரவு மட்டக்களப்பில்தான் தங்கல். உடுப்பு ஒரு சோடி பையில் இருக்கட்டும்.

திரும்பி வந்து நிறுத்தியதும் பறப்புத் திட்டம் மூடப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். வேறெங்காவது ஒதுங்கி இறங்கியிருந்தால் அதை இன்னும் அவசரமாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடி ஒரு கூட்டம் கிளம்பியிருக்கும். அப்புறம் மட்டக்களப்பில் முதல் நாள் பேசியவரை அழைத்து, வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அடுத்த தடவை நீங்கள் அழைக்கும்போது அவர் உங்கள் குரலை அடையாளம் கண்டுகொள்வார்.